தேம்பாவணிக்கு லண்டனில் தகப்பன் தேடுகிறவர்

மில்டனைப் பற்றி ஒரு சிறப்பு மலரில் ஐந்து பக்கக் கட்டுரை வந்திருக்கிறது. எழுதியவர் வேம்பார்க்காரர், நானும் வேம்பார்க்காரன். வேறு யாராவது எழுதியிருந்தால் படித்து மடித்து வைத்திருப்பேன். நம் முத்துக்குளித்துறைக் கரையில் பிறந்தவரே நம் கரையின் தமிழை ஓர் ஆங்கிலக் கவிஞனின் வாசலில் கொண்டுபோய்க் கட்டிவிட்டு, அதைப் பெருமை என்றும் ஊருக்குச் சொல்லும்போது வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு முடியவில்லை.

சில்லறைப் பிழைகளை முதலில் தள்ளிவிடுகிறேன். மன்னனைக் கொன்ற கூட்டத்துக்குப் பேனா பிடித்த பாவத்தால் மில்டனின் கண் போயிற்று என்கிறார். இந்த வசைகூட அவருடைய சொந்தச் சரக்கு கிடையாது. 1652இல் மன்னர் கட்சியார் இலத்தீனில் அச்சடித்துத் தூற்றியது, 1654இல் மில்டனே இலத்தீனில் பதில் எழுதிப் புதைத்தது. அந்த மன்னன் சார்லஸின் தலை விழுந்தது 1649 சனவரியில். மில்டனின் பார்வை மங்கத் தொடங்கியதோ அதற்குச் சில ஆண்டுகள் முன்பே. குற்றத்துக்கு முன்னால் தண்டனை கொடுக்கிற தெய்வத்தை இவர் எந்த வேதத்தில் கண்டார்?

மூன்று மகள்கள் சுற்றி உட்கார்ந்து 'இழந்த சொர்க்கம்' காவியம் முழுவதையும் எழுதி எடுத்தார்கள் என்பது அடுத்தது. ஓவியர்கள் வரைந்த படத்தைச் சரித்திரம் என்று நம்பிவிட்டார். மூத்தவள் ஆனுக்குக் கையெழுத்துப் போடவே தெரியாது. கடைக்குட்டி டெபோரா பிறந்தது 1652இல். காவிய வேலை சூடு பிடித்த 1658 வாக்கில் அவளுக்கு ஆறு வயது. ஐந்து பவுனுக்குக் காவியத்தை விற்ற ஏமாளி என்பதும் அரைகுறை. 1667 ஏப்ரல் 27இல் சாமுவேல் சிம்மன்ஸ் என்ற அச்சகத்தாரோடு போட்ட ஒப்பந்தத்தில் கையில் ஐந்து பவுன், முதல் பதிப்பில் 1300 பிரதி விற்றதும் இன்னோர் ஐந்து, அடுத்த பதிப்புகளுக்கும் அப்படியே என்று படிப்படியாக எழுதியிருக்கிறது. விற்பனையோடு கணக்குப் பார்த்து வாங்கியவனை ஏமாளி என்றால், ஒப்பந்தத்தின் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டவருக்கு என்ன பெயர்?

இவை போகட்டும். என்னை எழுத வைத்தது கட்டுரையின் நடுப்பக்கம். வீரமாமுனிவரின் தேம்பாவணி 'இழந்த சொர்க்க'த்தின் நிழல் என்றும், ஆங்கிலேயர் வழியாகத்தான் தமிழ்க் கிறித்தவனுக்குக் காவியம் பாடத் தெரிந்தது என்றும் அங்கே எழுதியிருக்கிறார். சான்று என்ன? இரண்டிலும் பேய்கள் கூடி ஆலோசிக்கின்றன. இரண்டிலும் ஆதாமும் ஏவாளும் வருகிறார்கள். விவிலியத்தைத் தொட்ட காவியத்தில் ஆதாம் வராமல் அனுமனா வருவான்?

பேய்களின் சபைக்கு வருவோம். இத்தாலியக் கவிஞர் தாசோ 1581இல் வெளியான 'விடுவிக்கப்பட்ட எருசலேம்' நான்காம் காண்டத்தில் அந்தச் சபையைக் கூட்டிவிட்டார். மில்டன் 1638இல் இத்தாலிக்குப் போனபோது தாசோவை ஆதரித்த மான்சோ பிரபுவையே நேப்பிள்ஸில் சந்தித்து, அவர்மீது இலத்தீனில் கவிதையும் எழுதினார். வீரமாமுனிவரோ 1680இல் இத்தாலியிலேயே பிறந்து அந்த மொழியிலேயே வளர்ந்தவர். தாசோ வீட்டுக் கிணற்றில் இருவரும் தண்ணீர் இறைத்திருக்க, பின்னால் வந்தவர் முன்னால் வந்தவரின் குடத்திலிருந்து திருடினார் என்று சொல்லக் கொஞ்சமாவது சாட்சி வேண்டாமா? 1690இலேயே வில்லியம் ஹாக் 'இழந்த சொர்க்க'த்தை இலத்தீனில் பெயர்த்துவிட்டார் என்பதை எதிர்வழக்காகச் சொல்லலாம். கட்டுரைக்காரர் சொல்லவில்லை, தெரிந்திருக்காது, நானே சொல்கிறேன். ஆனால் இலத்தீனில் இருந்தது என்பது வீரமாமுனிவர் இருந்த ஏலாக்குறிச்சிக்கு வந்தது என்றாகாது.

'இழந்த சொர்க்க'த்தில் என்ன இருக்கிறது என்றாவது கட்டுரைக்காரர் பார்த்தாரா? மூன்றாம் காண்டத்தில் கத்தோலிக்கத் துறவிகளின் அங்கியையும் செபமாலையையும் காற்றில் பறக்கவிட்டு எள்ளுகிறவர் மில்டன். பேச்சுரிமைக்காக 1644இல் அவர் எழுதிய 'அரியோபஜிட்டிகா'விலும் கத்தோலிக்கருக்கு அந்த உரிமை கிடையாது. 1729இல் லண்டனில் ரோல்லி இத்தாலிய மொழிபெயர்ப்பை வெளியிட்டதும், 1732இல் ரோமாபுரி அதைத் தடைப் பட்டியலில் ஏற்றியது. இப்படிப்பட்ட நூலுக்கு முன்னால் ஓர் ஏசு சபைத் துறவி மாணவனாக உட்கார்ந்து பாடம் கேட்டார் என்று எழுதக் கை கூசவில்லையா?

தேம்பாவணியின் கதைக்கு ஊற்று, ஸ்பெயின் நாட்டுக் கன்னியர் ஆகிரேதா மரியாள் எழுதிய நூல். நடைக்கு ஊற்று சிந்தாமணியும் கம்பனும். 36 படலங்களில், 3615 விருத்தங்களில் நாடும் நகரமும் பாடி வளன் என்கிற சூசையப்பரின் கதையை 1726இல் நிறைவு செய்த நூல் அது. எதுகை இல்லாமல் பாடியதோடு நில்லாமல், இறுதியோசை ஒன்றுவதையே பழித்து முன்னுரை எழுதியவர் மில்டன். எதுகை மோனையில் மூச்சு விடுகிறது தேம்பாவணி. ஒரு பாட்டை வாய்விட்டுப் படித்திருந்தால்கூடக் காது சொல்லியிருக்கும்.

ஆங்கிலேயர் வழி என்ற பேச்சுக்கு வருகிறேன். தேம்பாவணி முடிந்த காலத்தில் நம் முத்துக்குளித்துறை டச்சுக்காரர் கையில் இருந்தது. 1658இல் அவர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தார்கள். இந்தக் கரையில் ஆங்கிலம் ஏது? அதற்கும் வெகுமுன்னே, 1578இல், அண்டிரீக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் தமிழெழுத்தில் அச்சாயிற்று. அந்த அச்சு வேலைக்குப் பணம் கொடுத்தவர்கள் நம் கரைப் பரதவர்கள். மில்டன் பிறந்தது 1608இல். அவர் பிறக்க முப்பது ஆண்டு இருக்கும்போதே காசு கொடுத்துத் தமிழ்ப் புத்தகம் அச்சிட்ட சனத்தின் பிள்ளை, தனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவன் ஆங்கிலேயன் என்று எழுதுகிறார். இது அறியாமை மட்டும் என்று நான் நம்பவில்லை. தமிழில் ஒன்று பெரியது என்று சொல்ல, பக்கத்தில் ஓர் ஆங்கிலப் பெயர் நின்றால்தான் சபையில் மதிப்பு என்ற தாழ்வு இவருக்கு எலும்பு வரை ஏறியிருக்கிறது. அதை மறைக்கத்தான் ஒப்பிலக்கியம் என்று பெயர் வைத்துக்கொள்கிறார். ஒப்பிலக்கியம் செய்தவர்கள் நம்மில் உண்டு. வ.வே.சு. ஐயர் மில்டனை மூலத்தில் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் கம்பனே உயர்ந்தவன் என்று வாதாடினார். வெள்ளக்கால் சுப்பிரமணிய முதலியார் கால்நடைத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே மில்டனைச் 'சுவர்க்க நீக்கம்' என்று தமிழ்ச் செய்யுளில் கொண்டுவந்தார். இருவர் பெயரும் ஐந்து பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லை.

கடைசியாக முத்து. 'மில்டன் பாடிய முத்து எங்கள் வேம்பார் முத்து' என்று தடித்த எழுத்தில் முடிக்கிறார். மில்டன் எந்தக் கடலையும் அங்கே பெயர் சொல்லவில்லை. ஓர்மூசையும் இந்தியாவையும் சொல்கிறார். ஓர்மூசு பாரசீக வளைகுடாவின் வாயில், பஹ்ரைன் முத்து விலைபோன சந்தை. சரி, நம் முத்து என்றே வைத்துக்கொள்வோம். எங்கே வருகிறது அது? இரண்டாம் காண்டத்தின் வாசலிலேயே, நரகத்தில் சாத்தான் ஏறி உட்கார்ந்திருக்கும் ஆசனத்துக்கு ஒப்பாக வருகிறது. கீழ்த்திசை மன்னர்கள் மேல் முத்தும் பொன்னும் கொட்டுகின்றன, அதையும் மிஞ்சியது அந்த ஆசனத்தின் ஒளி என்கிறார். முடியாட்சியை வாழ்நாளெல்லாம் எதிர்த்தவர், கொடுங்கோலின் அடையாளமாக முத்தை அங்கே வைத்தார். இதையா ஊர்ப் பெருமை என்று எடுத்து அச்சடிப்பது?

எங்கள் தாத்தா முத்துச் சலாபத்துக்குப் போனவர். கல்லில் கால் வைத்து இறங்கி, பாரிலிருந்து சிப்பி அள்ளி, மூச்சு முட்ட மேலே வந்தவர். 1961 சலாபத்தோடு அந்தத் தொழில் நின்றது. எங்கள் வீட்டில் ஒரு முத்தும் தங்கவில்லை. மில்டனின் அந்த அடிகளை யாராவது தாத்தாவுக்குத் தமிழில் சொல்லியிருந்தால், நம் முத்தா என்று கேட்டிருக்க மாட்டார். அந்த ஆசனத்தில் இருப்பது யார் என்றுதான் கேட்டிருப்பார்.