டீத் வொயிட்டனிங்: பல் மருத்துவரிடமா, பியூட்டி பார்லரிலா? பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கல்யாண சீசன் வந்துவிட்டால் மேக்கப், ஃபேஷியல், மெஹந்தி வரிசையில் இப்போது இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. பற்களை வெண்மையாக்கும் 'டீத் வொயிட்டனிங்'. 'ஒரே மணி நேரத்தில் முத்துப் பல்' என்று பல் மருத்துவமனை வாசலில் பேனர் இருக்கிறது. சில பியூட்டி பார்லர்களின் ரேட் கார்டிலும் அதே வரி இருக்கிறது. நீல விளக்கோடு வரும் 'ஹோம் கிட்' ஒன்றை ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வந்துவிடுகிறது.

மூன்றும் ஒன்றுதானா? எங்கே விலை குறைவோ அங்கே செய்துகொள்ளலாமா? இந்தக் கேள்விக்கு ஐரோப்பாவும் பிரிட்டனும் சட்டம் வழியாகவே பதில் சொல்லியிருக்கின்றன. அமெரிக்காவில் இது உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. அதைப் பார்ப்பதற்கு முன், பல்லில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வோம்.

பல் ஏன் மஞ்சளாகிறது?

முதல் விஷயம், ஆரோக்கியமான பல்லே பால் போல வெள்ளையாக இருக்காது. மேலே இருக்கும் எனாமல் ஓரளவு ஒளி ஊடுருவும் அடுக்கு. அதற்கு உள்ளே இருக்கும் டென்டின் இயல்பாகவே மஞ்சள் நிறம். வயது ஏற ஏற எனாமல் தேய்ந்து, உள்ளே இருக்கும் மஞ்சள் கூடுதலாகத் தெரியும்.

கறையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வெளிக்கறை. டீ, காபி, வெற்றிலை பாக்கு, சிகரெட், பான் மசாலா ஆகியவற்றால் மேலே படிவது. குளோர்ஹெக்சிடின் கலந்த மவுத்வாஷை நீண்ட நாள் பயன்படுத்தினாலும் பழுப்புக் கறை வரும். இரண்டாவது, உட்கறை. பல் உருவாகும் வயதில் உடலுக்குள் போன அதிக ஃபுளோரைடு, சிறு வயதில் எடுத்த டெட்ராசைக்ளின் வகை மாத்திரை, அடிபட்டு உள்ளே நரம்பு செத்துப்போன பல் ஆகியவை இதற்குக் காரணங்கள்.

இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஆனால் கண்ணாடியில் பார்த்தால் ரெண்டும் 'மஞ்சப் பல்லு'தான். அதனால்தான் என்ன ஜெல், எவ்வளவு ரூபாய் என்று கேட்பதற்கு முன்னால், இந்தக் கறை எதனால் வந்தது என்று ஒருவர் வாயைத் திறந்து பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் படி 'க்ளீனிங்'

வெளிக்கறை மட்டும் என்றால் பலருக்கு ப்ளீச்சே தேவைப்படாது. 'ஸ்கேலிங்' என்கிற க்ளீனிங்கும், அதன் பிறகு செய்யும் பாலிஷும் போதும். வெற்றிலைக் கறை, டீக் கறை இதிலேயே பெருமளவு போய்விடும். அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இதைச் செய்துகொள்ளலாம்.

"க்ளீன் பண்ணா பல்லு ஆட ஆரம்பிச்சிடும்" என்ற பயம் நம் ஊரில் ரொம்பப் பழசு. உண்மை என்னவென்றால், ஈறு நோயால் ஏற்கெனவே பிடிமானம் இழந்த பல்லை, இறுகிப்போன காரைதான் தாங்கிப் பிடித்திருப்பது போலத் தெரியும். காரையை எடுத்ததும் அந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. பல்லை ஆட வைத்தது ஈறு நோய்தான்.

மருத்துவமனையில் என்னென்ன வழிகள்?

க்ளீனிங்குக்குப் பிறகும் நிறம் வேண்டும் என்றால் முக்கியமாக மூன்று வழிகள். மூன்றிலும் வேலை செய்வது ஹைட்ரஜன் பெராக்சைடுதான். அது எனாமலைத் தாண்டி உள்ளே போய், நிறம் தரும் மூலக்கூறுகளை உடைக்கிறது.

1. நாற்காலியில் உட்கார்ந்தே செய்வது: ஏறத்தாழ 25 முதல் 40 சதவீதம் வரை ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள ஜெல். இது ஈறில் பட்டால் சுட்டுவிடும் என்பதால், முதலில் ஈறு மேல் ஒரு பாதுகாப்புப் பூச்சு போட்டு இறுக வைப்பார்கள். பிறகு 15, 20 நிமிடங்கள் என்று இரண்டு மூன்று சுற்று. சுமார் ஒரு மணி நேரத்தில் முடியும். பல இடங்களில் நீல விளக்கும் காட்டுவார்கள். ஆனால் நிறம் மாறுவது ஜெல்லால்தான். விளக்கால் நீண்ட கால நோக்கில் பெரிய கூடுதல் பலன் இல்லை என்பதே பெரும்பாலான ஆய்வுகளின் முடிவு. 'லேசர் லைட்' என்று தனியாக பில் போட்டால் அதற்கு என்ன பலன் என்று கேட்பதில் தப்பில்லை.

2. வீட்டில் போட்டுக்கொள்ளும் டிரே: மருத்துவர் உங்கள் பல்லுக்கு அளவெடுத்து மெல்லிய பிளாஸ்டிக் டிரே செய்து, ஜெல்லும் கொடுப்பார். 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல்தான் இதில் அதிகம் ஆய்வு செய்யப்பட்டது. அது சுமார் 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுக்குச் சமம். தினமும் சில மணி நேரமோ, இரவு முழுவதுமோ என்று ஏறக்குறைய இரண்டு வாரம் போட வேண்டும்.

இந்த முறை வந்த கதை சுவாரஸ்யமானது. 1960-களின் இறுதியில் அமெரிக்காவின் ஆர்கன்சாவில் ஒரு பல் சீரமைப்பு மருத்துவர், ஈறுப் புண்ணுக்காக டிரேயில் கிருமிநாசினி ஊற்றிப் போடச் சொன்னார். புண்ணும் ஆறியது, பல்லும் வெளுத்தது. ஹேவுட், ஹேமன் என்ற இரு பேராசிரியர்கள் 1989-ல் இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதிய பிறகு உலகம் முழுக்கப் பரவியது.

3. ஒற்றைப் பல்லுக்கு: அடிபட்டுக் கறுத்துப்போன பல் என்றால், ரூட் கேனால் செய்து, அந்தப் பல்லுக்கு உள்ளேயே மருந்தை வைத்து வெளுக்க வைப்பார்கள். மேலே எவ்வளவு ஜெல் தடவினாலும் செத்துப்போன நரம்புக்கு வைத்தியம் ஆகாது.

அவசரம் இருப்பவர்களுக்கு முதல் வழி. ஆனால் இறுதியில் கிடைக்கும் நிறத்தில் டிரே முறை பின்தங்கி விடுவதில்லை. செலவும் பொதுவாகக் குறைவு, பல் கூச்சமும் குறைவு. 'ஒரே நாளில்' என்ற சொல்லுக்குத்தான் நாம் கூடுதல் காசு கொடுக்கிறோம்.

யாருக்கு இது கைகொடுக்காது?

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் இருப்பவர்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு இருக்கலாம், வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதிக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். இந்த மாவட்டங்களின் பல கிராமங்களில் போர்வெல் தண்ணீரில் அதைவிட அதிகமாக இருந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும் விழுந்தன. இதைச் சரிசெய்யத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-ல் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது. திட்டத்தின் பெயரிலேயே 'ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு' என்பதும் இருக்கிறது.

தண்ணீர் மாறியது. ஆனால் அதற்கு முன்பே பல் முளைத்தவர்களின் கறை மாறாது. இன்று வேலை தேடும் வயதிலும் கல்யாண வயதிலும் இருப்பவர்கள் அவர்கள்தான். "பல்லு விளக்கவே மாட்டியா?" என்று கேட்கப்பட்டே வளர்ந்தவர்கள். விளம்பரத்தைப் பார்த்து முதலில் போய் நிற்பதும் பெரும்பாலும் இவர்கள்தான்.

வெறும் ப்ளீச் செய்தால் இவர்களுக்கு வெள்ளைத் திட்டு முன்பைவிடத் தூக்கலாகத் தெரிய வாய்ப்பு உண்டு. லேசான கறைக்கு 'மைக்ரோ அப்ரேஷன்' என்ற முறையில் எனாமலின் மேற்பரப்பை மிக மெல்லிய அளவில் தேய்த்தெடுத்து, அதன் பிறகு டிரே முறை செய்வார்கள். திட்டுக்குள் ரெசின் இறக்கும் முறையும் உண்டு. எனாமலே குழி விழுந்திருந்தால் பல் நிற சிமென்ட்டோ வெனீரோதான் வழி. எது பொருந்தும் என்பதைப் பல்லைச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

இன்னொன்று: கேப், வெனீர், சிமென்ட் அடைத்த இடம் ஆகியவை ப்ளீச்சுக்கு மாறாது. முன்பல்லில் கேப் போட்டவர் ப்ளீச் செய்தால் மற்றதெல்லாம் வெளுத்து, கேப் மட்டும் மஞ்சளாக நிற்கும். முதலில் வெண்மையாக்கி, சுமார் இரண்டு வாரம் கழித்து அந்த நிறத்துக்கு ஏற்ப கேப்பை மாற்றுவதுதான் சரியான வரிசை.

பார்லரில் செய்தால் என்ன பிரச்சினை?

ஐரோப்பிய ஒன்றியம் 2012 அக்டோபர் 31 முதல் தெளிவான கோடு போட்டிருக்கிறது. 0.1 சதவீதத்துக்கு மேல் 6 சதவீதம் வரை ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள வெண்மையாக்கும் பொருட்களைப் பல் மருத்துவர்களுக்கு மட்டுமே விற்கலாம். முதல் முறை பல் மருத்துவரோ, அவரது நேரடி மேற்பார்வையிலோ செய்ய வேண்டும். 18 வயதுக்குக் கீழ் கூடவே கூடாது. பிரிட்டனில் பற்களை வெண்மையாக்குவது பல் மருத்துவத்தின் ஒரு பகுதிதான் என்று 2013-ல் உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி. நார்த் கரோலினா மாகாணத்தில் மால்களிலும் சலூன்களிலும் குறைந்த விலைக்கு இதைச் செய்ய ஆரம்பித்தார்கள். மாகாணப் பல் மருத்துவ வாரியம் 'நிறுத்துங்கள்' என்று 2006 முதல் குறைந்தது 47 கடிதங்கள் அனுப்பியது. வாரியத்தின் 8 உறுப்பினர்களில் 6 பேர் தொழில் செய்யும் பல் மருத்துவர்கள். போட்டியாளர்களை இவர்களே வெளியேற்றுகிறார்களா என்ற கேள்வி எழுந்து, 2015 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் வாரியத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

இந்தத் தீர்ப்பைக் காட்டி 'பார்லரிலும் பாதுகாப்புதான்' என்று சொல்ல முடியாது. அரசின் கண்காணிப்பு இல்லாமல், ஒரு தொழிலில் இருப்பவர்களே போட்டியாளர்களைத் தடுக்கலாமா என்பதைத்தான் நீதிமன்றம் பார்த்தது. ஆனால் ஒரு பாடம் இருக்கிறது. 'எங்களிடம் மட்டும்தான் செய்ய வேண்டும்' என்று பல் மருத்துவர்கள் சொல்வதில் வியாபாரமும் கலந்திருக்கலாம். அதனால் மருத்துவரையும் கேள்வி கேட்கலாம், கேட்க வேண்டும்.

அதே நேரம், பார்லரில் இருப்பவரால் சொத்தையையும் கறையையும் பிரித்துச் சொல்ல முடியாது. எக்ஸ்ரே கிடையாது. சொத்தைக் குழிக்குள்ளோ விரிசலுக்குள்ளோ ஜெல் இறங்கினால் வலி துடிக்க வைத்துவிடும். கறுத்த ஒற்றைப் பல்லுக்கு அடியில் சீழ் கட்டியிருந்தால், மேலே வெளுத்துவிட்டு அதைக் கவனிக்காமல் விடும் ஆபத்தும் உண்டு. இந்தியாவிலும் பதிவு பெறாதவர்கள் பல் மருத்துவம் பார்ப்பதைச் சட்டம் தடுக்கிறது.

பக்க விளைவு என்ன?

பல் கூச்சம்தான் அதிகம் வருவது. பெரும்பாலும் சில நாட்களில் போய்விடும். ஈறில் ஜெல் பட்டால் வெள்ளையாகி எரியும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் தள்ளிப்போடுவது நல்லது. பலன் நிரந்தரம் கிடையாது, டீ, புகை, வெற்றிலை தொடர்ந்தால் சீக்கிரமே மங்கும். செய்த முதல் இரண்டு நாள் காபி, பீட்ரூட், மஞ்சள் தூக்கலான குழம்பு வேண்டாம் என்பார்கள். எலுமிச்சையும் சோடா மாவும், கரித்தூள் என்று வீட்டில் தேய்ப்பது எனாமலைத்தான் கரைக்கும், தேய்க்கும். போன எனாமல் திரும்ப வளராது.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. என் பல்லில் இருப்பது வெளிக்கறையா, உட்கறையா? க்ளீனிங் மட்டும் போதுமா?
2. சொத்தை, ஈறு நோய் இருக்கிறதா? இருந்தால் முதலில் அதைச் சரிசெய்வீர்களா?
3. எந்த மருந்து, எத்தனை சதவீதம்? டிரே முறை எனக்குப் பொருந்துமா?
4. இப்போது என் பல் நிறம் எந்த எண், எவ்வளவு மாறும்? நிற அட்டையில் காட்ட முடியுமா?
5. கேப், அடைப்பு மாற்றுவது உட்பட மொத்தச் செலவு எவ்வளவு? எழுதித் தர முடியுமா?

செய்பவர் தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்தவரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்காக என்றால் முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் போகாதீர்கள். குறைந்தது ஆறு வாரம் முன்னதாகப் போனால் க்ளீனிங், டிரே, தேவைப்பட்டால் கேப் மாற்றுவது வரை நிதானமாக முடிக்கலாம். கூச்சமும் அடங்கியிருக்கும், பந்தியில் பாயசத்தைப் பயமில்லாமல் சாப்பிடலாம்.