பிடிக்காத துணியும் போர்வையாகும்!

நாத்தனார் ஆசையாகக் கொடுத்த அச்சுத்துணி. முழுக்கக் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சுக் கிளிகள்! ஒதுக்கினால் அவர் மனசு நோகும். குழந்தையின் போர்வைக்கு நடுவில் வைத்தால் என் கண் நோகும்.

முதலில் துவைத்துச் சுருங்கவிட்டேன். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்தேன், சாயம் ஒட்டவில்லை. ஒரு கிளியை முழுசாக எடுத்து வைத்துவிட்டு, மற்றதை 6½ அங்குலச் சதுரங்களாக வெட்டினேன். உருவம் போச்சு, நிறம் மட்டும் மிஞ்சியது! இடையிடையே பழைய வேட்டிச் சதுரங்கள். சுற்றிலும் ¼ அங்குலம் தையலுக்குப் போக, 6 அங்குலக் கட்டம் கிடைக்கும். அடியில் பழைய நூல் புடவையை மடித்து வைத்து, ஓட்டுத்தையல் போட்டால் போதும்.

எடுத்து வைத்த கிளி? மூலைக் கட்டத்தில்தான். நாத்தனார் வந்தால் முதலில் அதைத்தானே தேடுவார்! உங்கள் பெட்டியிலும் இப்படியொரு துணி தூங்குகிறதா, சகோதரிகளே? கத்தரிக்கோலை எடுங்கள்!