பழகிப்போன குறைகள்

"மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது" என்பார்கள். நம் பள்ளி நூலகத்தின் மூலை மேசையில் வீற்றிருக்கும் சிறு கணினிக்கு இப்பழமொழி நன்கு பொருந்தும். தடித்த அகராதி ஒன்றின் அளவே உள்ள அப்பெட்டிதான் நூற்பட்டியல் தேடவும், கட்டுரைகளைத் தட்டச்சு செய்யவும் நமக்குத் துணை. ஆனால் அதன் பிடிவாதங்களும் அதன் கீர்த்தியைப் போலவே பெரியவை!

முதலாவது பிடிவாதம், நேரம். கணினியை அணைத்த பின்னும் நேரத்தைக் காத்து வருவது, உள்ளே இருக்கும் நாணய வடிவ 3 வோல்ட் மின்கலம். அது தளர்ந்துவிட்டால், மின்சாரம் நின்றதும் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. தேதி தவறாயிருந்தால் கணினி அச்சான்றிதழை நம்பாது, பக்கமும் திறக்காது. ஆகவே தேதியைத் திருத்திவிட்டே வேலையைத் தொடங்குவது மேல் வகுப்பு மாணவியரான எங்களுக்கு வழக்கமாகிவிட்டது.

இரண்டாவது, வெப்பம். தையல் வகுப்பில் பூ வேலை செய்து நாங்கள் ஆசையாய்த் தைத்த உறையை, கணினி இயங்கும்போதும் கழற்றாமல் விட்டோம். காற்றுத் துளைகள் அடைபட்டன. சிறிய பெட்டியில் வெப்பம் வெளியேற இடம் குறைவு. முதலில் மெதுவாக ஓடிய கணினி, பிறகு தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்தது. "இயந்திரம் சரியில்லை" என்று பழித்தோம். தவறு எங்களுடையது!

சிறு கணினிகளின் இத்தகைய குணங்கள் புதியவை அல்ல. 1984 ஜனவரி 24 அன்று ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட மாக்கின்டாஷில் 128 கிலோபைட் நினைவகமும் ஒரே ஒரு நெகிழ்தட்டு இயக்கியும் மட்டுமே இருந்தன. விசிறியும் இல்லை; விசைப்பலகையில் அம்புக்குறி விசைகளும் இல்லை. ஒரு தட்டிலுள்ளதை மற்றொன்றில் பிரதி எடுக்க, இரண்டையும் மாற்றி மாற்றிச் செருக வேண்டும். அதை வாங்கியவர்கள் பொறுமையோடு பழகினார்கள். குறைகளை எடுத்தும் சொன்னார்கள். 1986இல் வந்த மாக்கின்டாஷ் பிளஸில் 1 மெகாபைட் நினைவகமும் அம்புக்குறி விசைகளும் இடம்பெற்றன.

நாங்களோ பழகினோம், சொல்லவில்லை. ஒரு நாள் ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி கணினியைத் தொட்டாள். பக்கம் திறக்கவில்லை, எச்சரிக்கை வந்தது. தான்தான் அதைக் கெடுத்துவிட்டதாக எண்ணி அழுதுகொண்டே போனவள், பல வாரங்கள் நூலகப் பக்கமே வரவில்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரு சிறு உபாயம் அவளுக்குத் தெரியாததே காரணம். வெட்கத்தோடு நூலகப் பொறுப்பாளரான அருட்சகோதரியிடம் சொன்னோம். "இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?" என்றுதான் கேட்டார்கள். மறுவாரமே புதிய மின்கலம் வந்தது. மாற்றுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

பெண்பிள்ளைகளாகிய நமக்கு "அனுசரித்துப் போ" என்னும் அறிவுரை சிறு வயது முதலே கிடைக்கிறது. அது நல்ல அறிவுரைதான். ஒழுகும் குழாயின் கீழ் வாளி வைப்பது சாமர்த்தியமே. ஆனால் குழாயைப் பற்றி யாரிடமும் சொல்லாமல் ஆண்டு முழுவதும் வாளியை மாற்றிக்கொண்டிருப்பதைப் பொறுமை என்று எப்படிச் சொல்வது? நாம் பழகிக்கொண்ட குறையில், நமக்குப் பின்னே வருபவள் தடுக்கி விழுகிறாள்.

விளக்கை ஏற்றி மறைத்து வைக்கலாகாது என்று மறைக்கல்வி வகுப்பில் கற்றிருக்கிறோம். அறிந்த உபாயமும் ஒரு விளக்கே. இப்போது கணினியின் அருகே ஓர் அட்டை தொங்குகிறது: "உறையைக் கழற்றுக. தேதியைப் பார்க்க. குறை கண்டால் சகோதரியிடம் கூறுக." அந்தத் தங்கையும் திரும்ப வந்து, அதைப் படித்துவிட்டே அமர்கிறாள்.

குறைகளைப் பொறுத்துக்கொள்வோம், அவற்றைத் தீர்க்கக்கூடியவர்களிடம் பணிவோடும் துணிவோடும் எடுத்துச் சொல்லவும் கற்போமாக!