சாமிக்குத் தேர், மனிதனுக்குப் படிக்கட்டா?

திருவண்ணாமலைக் கோயில் பெரிய தேர் பழுதுபார்க்கப்பட்டு, 2024-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் வெள்ளோட்டம் விடப்பட்டது. ஆகவே பழைய வண்டியைச் செப்பனிடும் வித்தை நமது நாட்டில் இல்லை என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது. தச்சர் இருக்கின்றார், கொல்லர் இருக்கின்றார், பணமும் இருக்கின்றது. தானாக ஓர் அடி எடுத்துவைக்க முடியாத உற்சவ விக்கிரகத்தை அலுங்காமல் ஏற்றிவைக்க ஆளும் பக்குவமும் இருக்கின்றன. நாம் கேட்பதெல்லாம், நடக்க முடியாத விக்கிரகத்துக்காக இவ்வளவு யோசித்த மூளை, நடக்க முடியாத மனிதன் ரயில் ஏறும் விஷயத்தில் மட்டும் ஏன் தூங்குகின்றது என்பதுதான்.

அடி அண்ணாமலையில் இருக்கும் கால் இயலாத தோழர் ஒருவர் வேலைக்கோ வைத்தியத்துக்கோ சென்னை போக வேண்டுமென்று வைத்துக்கொள்ளுவோம். ஸ்டேஷன் வரை ஆட்டோவில் வந்துவிடலாம். 2024 மே மாதம் முதல் சென்னைக் கடற்கரைக்கு நேர் ரயிலும் விடப்பட்டது. ஆனால் பெட்டி வாசலில் அவர் பிரயாணம் நின்றுபோகின்றது. உயர்ந்த பிளாட்பாரம் என்பதே தண்டவாளத்துக்கு மேல் 760 முதல் 840 மில்லிமீட்டர்தான். சாதாரணப் பெட்டியின் தரையோ அதற்கும் மேலே ஓர் அடிக்கு அதிகம். ஓர் அடி உயரத்துக்குச் சக்கர நாற்காலி ஏற 12 அடி நீளச் சரிவு வேண்டும். அது இல்லாததால் இரண்டு பேர் அக்குளிலும் காலிலும் பிடித்து மூட்டை ஏற்றுவதுபோல் ஏற்றுகின்றார்கள். ஏற்றுகின்றவர் நல்லவர்தான். ஆனால், காசு கொடுத்து டிக்கட் வாங்கிய மனிதன் பிறர் தயவில் ஏறுவதற்குப் பெயர் பிரயாணமா, பிச்சையா? இது ஒரு மனிதனுடைய சுயமரியாதைக்கு ஏற்றதா?

“அது அவன் முன்ஜன்ம வினை, நாம் என்ன செய்யலாம்?” என்று சொல்லும் புண்ணியவான்கள் இன்னும் இருக்கின்றார்கள். இளம்பிள்ளை வாதத்தில் கால் சூம்பிய குழந்தையையும் பார்த்து இப்படித்தான் சொன்னார்கள். 2014-ம் வருஷம் மார்ச்சு மாதம் இந்தியாவில் அந்த வியாதி ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. தலையெழுத்தை அழித்தது எந்தப் பரிகாரம்? இரண்டு சொட்டு மருந்தல்லவா? வினை மருந்துக்குப் பயப்படுமானால், படிக்கட்டும் தச்சரின் உளிக்குப் பயப்படத்தான் வேண்டும்.

நிற்க. படித்தவர்கள் வேறொரு சமாதானம் சொல்லுகின்றார்கள். பழைய பெட்டியில் கைவைத்தால் அதன் பாரம்பரியம் கெட்டுவிடுமாம். நீலகிரி மலை ரயிலையே பார்ப்போம். 1899-ல் குன்னூர் வரையும் 1908-ல் உதகை வரையும் போன இது, 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே நிலக்கரியில் ஓடிய எஞ்சின்கள் எண்ணெய்க்கு மாறின. பொன்மலைப் பட்டறையில் புது எஞ்சின்களே செய்தார்கள். பெரம்பூரில் புதுப் பெட்டிகளும் செய்து அனுப்பினார்கள். அப்போதெல்லாம் கெடாத பாரம்பரியம், ஒரு வாசலை அகலமாக்கினால் மட்டும் கெட்டுவிடுமா? 1855-ல் செய்த ஈ.ஐ.ஆர். 21 என்னும் எஞ்சினை 2010-ல் பெரம்பூர் பட்டறை மறுபடி ஓடவைத்தது. செத்த இரும்புக்கு உயிர் கொடுக்கத் தெரிந்த கைகளுக்கு ஒரு சரிவுப் பலகை செய்யத் தெரியாதென்றால் யார் நம்புவார்?

பழமையைப் போற்றுவதில் நம்மவர்களுக்குக் குறையாத இங்கிலாந்தில், செவர்ன் வேலி என்னும் பழைய ரயில்பாதையில் பழம்பெட்டிகளையே சக்கர நாற்காலி ஏறும்படி திருத்தியிருக்கின்றார்கள். அமெரிக்காவில் பிளாட்பாரத்திலேயே கையால் சுழற்றி உயர்த்தும் ஏற்றி வைத்திருக்கின்றார்கள். நமது கிணற்றடி ராட்டினத்தைவிட இது பெரிய மாயமா?

சட்டமும் இல்லாமலில்லை. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41-வது பிரிவு, பழைய வாகனங்களையும் திருத்தியமைக்கச் சொல்லுகின்றது. ஆனால் ‘தொழில் முறைக்கு இயன்றால், செலவு கட்டுமானால், அமைப்பில் பெரிய மாறுதல் இல்லாமல்’ என்று பொந்தும் வைத்திருக்கின்றது. மனமில்லாத உத்தியோகஸ்தருக்கு இந்தப் பொந்து போதாதா? நமது தேர் ஓடிய அதே நவம்பர் மாதம் 8-ந் தேதி, இவ்விஷயத்தில் விதிகள் வெறும் புத்திமதியாக இருக்கக்கூடாது, கட்டாயமாக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்லிற்று. 2011-ம் வருஷத்துக் கணக்குப்படி தமிழ்நாட்டில் மட்டும் இத்தோழர்கள் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். ‘மாற்றுத்திறனாளி’ என்று இவர்களுக்குப் பெயரை மாற்றிவிட்டோம், படியை மாற்றினோமா?

விழுப்புரம் – காட்பாடிப் பாதை முழுவதையும் பெயர்த்து மீட்டர் பாதையை அகலப் பாதையாக்கியவர்களிடம் நாம் கேட்பது அதிகமல்ல. செப்பனிடப் போகும் ஒவ்வொரு பழைய பெட்டியிலும் 900 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வாசல், இரண்டு ஆசனங்களைக் கழற்றி நாற்காலி நிற்க இடம், அது நகராமல் பூட்ட ஒரு கொக்கி, உள்ளே திரும்பக்கூடிய கக்கூஸ், ஸ்டேஷனில் ஓர் ஏற்றி. இவ்வளவுதான். வேலை சரியா என்று பார்க்கும் கமிட்டியில் சக்கர நாற்காலியில் இருப்பவரே உட்கார வேண்டும். செருப்புக் கடிக்கும் இடம் போட்டவனுக்குத்தானே தெரியும்?

தனியாகப் பிறக்கும் உரிமையல்ல, தனியாக ஏறி இறங்கும் உரிமையையே கேட்கின்றோம். அதைக் கொடுக்காமல் வண்டிக்கு வர்ணம் பூசிப் பாரம்பரியம் என்று கொண்டாடுவது, ஒரு கூட்டத்தாரை வாசலிலேயே நிறுத்திவைக்கும் பழைய வழக்கத்துக்குப் புதுப்பெயர் சூட்டுவதேயாகும்.