பிள்ளையைப் பொறுக்கச் சொல்லாதீர்கள்

உடுவிலில் என் அக்காவின் எட்டு வயது மகன், குடல்வால் சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பிய இரவு நோவில் அழுதான். ‘வன்னியில மயக்க மருந்தில்லாமல் காலை எடுத்தவை. உனக்கு இது பெரிசோ?’ என்றார் என் அம்மா. அவன் அழுகையை அடக்கிக்கொண்டான்.

அம்மா சொன்னது பொய்யல்ல. இறுதி யுத்தத்தில் அங்கு சத்திரசிகிச்சைப் பொருட்கள் செல்வதை அரசாங்கம் தடுத்ததை, ஐ.நா. நிபுணர் குழு 2011இல் பதிவுசெய்தது. அந்த அநீதியையே அளவுகோலாக்கி, மருந்து இருக்கும் காலத்திலும் பிள்ளைகளைப் பொறுக்கச் சொல்கிறோம்.

நோகும் பிள்ளை ஆழமாக மூச்செடுக்காது, இருமாது, எழுந்து நடக்காது. குணமாவது பிந்தும். வைத்தியர் எழுதித் தந்த பரசிற்றமோலை, அழும்வரை காத்திராமல் நேரத்துக்குக் கொடுங்கள். அளவு எடையைப் பொறுத்தது: ஒரு தடவைக்கு, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 24 மணித்தியாலத்தில் நான்கு தடவைக்கு மேல் கூடாது. இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடிக்கட்டும்.

காய்ச்சல், ஓயாத வாந்தி, கூடிக்கொண்டே போகும் நோவு என்றால் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். அடக்கப் பழகிய பிள்ளை இவற்றையும் சொல்லாது.

மறுநாள் காலை அம்மாவே அவனருகில் இருந்து கேட்டார்: ‘எவ்வளவு நோகுது ராசா?’