யாரை வைத்துச் சிரிக்கிறோம்?



நம் இளையோர் எழுதி நடித்து வெளியிடும் குறுநகைச்சுவைக் காணொளிகளை நானும் பார்க்கிறேன். வாய்விட்டுச் சிரித்ததும் உண்டு. ஆயினும் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். ஒரு நிமிடத்துக்குள் பாத்திரத்தை வளர்க்க நேரமில்லை. எனவே எழுதுபவர் கைக்கு எளிதாக அகப்படுபவரைப் பிடித்துக்கொள்கிறார்: அம்மம்மாவின் பிழையான ஆங்கிலம், ஊரிலிருந்து புதிதாக வந்தவரின் தடுமாற்றம், ஒரு பெண்ணின் நிறம்.

எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நகை பிறக்கும் களங்கள் நான்கைத் தொல்காப்பியர் வகுத்தார். நாமோ பிறரை எள்ளுவதை மட்டுமே பற்றிக்கொண்டோம்.

“பகிடிக்குத்தானே, சுவாமி” என்பீர்கள். யாருக்குப் பகிடி? அந்தப் பிழையான ஆங்கிலத்தோடுதான் அவர் வேலை தேடினார். உங்களைப் பள்ளியில் சேர்த்தார். பேரப்பிள்ளை அதை நடித்துக் காட்டும் நாளில் அவர் வாய் மூடிக்கொள்கிறார். அவரோடு வீட்டின் தமிழும் மௌனமாகிறது.

புனித பிலிப்பு நேரி (1515–1595) பாதித் தாடியை மழித்துக்கொண்டு உரோமையைச் சிரிக்கவைத்தார் என்பர். அவர் நகைப்புக்குள்ளாக்கியது தம்மையே.

இளையோரே, எழுதுங்கள், நிறுத்தாதீர்கள். ஆனால் யாரைப் பற்றி எழுதினீர்களோ, அவருக்கே முதலில் வாசித்துக் காட்டுங்கள். அவரும் மனமாரச் சிரித்தால் வெளியிடுங்கள். பெற்றோரே, பகிருமுன் நீங்களும் அவர் முகத்தை ஒருகணம் நினையுங்கள்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை