எப்போது பழைய முஸ்லிம்?

வியாழன் மாலைகளில் மதரஸா மாணவர்களை அவரவர் குடும்பக் கதையைக் கூறச் சொல்வது என் வழக்கம். பர்மாவில் வணிகம் செய்த பாட்டனார், பள்ளிவாசலுக்கு நிலம் வக்ஃபு செய்த பாட்டனார் எனப் பெருமைகள் வரிசையாக வந்தன. (நானும் என் ஆலிம் பரம்பரையைச் சொல்லிக்கொண்டவன்தான்.) கடைசியில் ஒரு சிறுவன் எழுந்தான்.

"1981இல் மீனாட்சிபுரத்தில் இஸ்லாத்தைத் தழுவியவர்களில் என் பாட்டனாரும் ஒருவர். என் வாப்பா முஸ்லிமாகவே பிறந்தார். நாங்கள் எப்போது பழைய முஸ்லிம் ஆவோம், ஹஜ்ரத்?"

வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கெதிரே 'புது முஸ்லிம்' என்றெழுதியது நான்தான். ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழித்த அபூதர் (ரலி) அவர்களை, அறியாமைக் காலத்துக் குணம் இன்னும் உம்மிடம் இருக்கிறதென நபி (ஸல்) அவர்கள் கண்டித்த ஹதீஸை அதே வாரந்தான் பாடம் நடத்தியிருந்தேன்!

அன்றே அச்சொல்லை அடித்துவிட்டேன். சம்பந்தம் பேசும் வேளையில் உங்கள் வீட்டில் அச்சொல் எழுவதில்லையா?